வியர்வை சொட்டினால் உடல் குளிராது

பஹ்ரைனின் ஈசா டவுனில் சைக்கிள் ஓட்டும் யாரைக் கேட்டாலும் இந்தப் புதிரைச் சொல்வார்கள். ஜூன் மாதம், வடமேற்கிலிருந்து ஷமால் காற்று வீசும் ஒரு நாள். காலை எட்டரைக்கே 40 டிகிரி செல்சியஸ். ரிஃபா, அவாலி தாண்டி சகீர் வரை போய்த் திரும்புகிறோம். வெயில் சுடுகிறது, உதடு வெடிக்கிறது; ஆனால் சட்டை நனையவில்லை, கால் சோரவில்லை. ஆகஸ்ட் கடைசியில் அதே சாலை. விடியற்காலை நாலரை மணி, சூரியன் எழவில்லை, வெறும் 33 டிகிரி. ஏசி அறையை விட்டு வெளியே வந்த கணமே மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்து எதிரே எதுவும் தெரியவில்லை. பத்து கிலோமீட்டர் போவதற்குள் பனியனைப் பிழியலாம். முழங்கையிலிருந்து வியர்வை சொட்டுகிறது, நெஞ்சு படபடக்கிறது, தலை பாரமாகிறது. வெயிலும் இல்லை, வெப்பமும் 7 டிகிரி குறைவு. பிறகு ஏன் இந்தப் பாடு?

'தண்ணி பத்தல' என்பதுதான் பெரும்பாலோர் சொல்லும் காரணம். இரண்டு பாட்டில் கொண்டுபோனவர் அடுத்த வாரம் மூன்று கொண்டுபோகிறார். ஆகஸ்டில் மூன்றாவது பாட்டிலும் பெரிதாக உதவுவதில்லை. ஆனால் ஜூன் மாதப் பயணத்தில், சட்டை நனையாததால் வியர்க்கவே இல்லை என்று நினைத்துக்கொண்டு ஒரே பாட்டிலோடு திரும்பியவர், உண்மையிலேயே தண்ணீர் பற்றாமல்தான் திரும்பியிருக்கிறார். இரண்டும் வெவ்வேறு ஆபத்துகள். வளைகுடாவில் வெயிலிலும் புழுக்கத்திலும் வண்டி ஓட்டுகிற எல்லோருக்கும் இந்த வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் வெப்பக் கணக்கு. மிதிக்கும்போது தசைகள் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் சக்கரத்துக்குப் போகிறது. மீதி முழுவதும் வெப்பம். சமதளத்தில் ஓரளவு வேகமாகப் போகிறவர் பெடலில் 150 வாட் கொடுத்தால், உடலுக்குள் 450 முதல் 500 வாட் வரை வெப்பம் பிறக்கிறது. அது வெளியேற வழியே இல்லை என்று வைத்துக்கொள்வோம். 70 கிலோ எடையுள்ளவரின் உடல் வெப்பம் 8 நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் ஏறும். 37இல் தொடங்கினால் அரை மணிக்குள் 40ஐத் தாண்டிவிடும். அப்படி நேராமல் நம்மைக் காப்பது தோல்.

தோலின் வெப்பம் சுமார் 35 டிகிரி. சுற்றியுள்ள காற்று அதைவிடக் குளிர்ந்திருந்தால் உடல் வெப்பம் தானாகவே காற்றுக்குப் போகும். ஊட்டியில் சைக்கிள் ஓட்டுபவருக்கு வேலையில் பெரும்பகுதி இப்படியே முடிந்துவிடும். பஹ்ரைனில் கோடைப் பகலில் காற்று 40 டிகிரி. வெப்பம் காற்றிலிருந்து உடலுக்குள் பாய்கிறது. அப்போது மிஞ்சும் ஒரே வழி வியர்வை.

வியர்வை எப்படிக் குளிர்விக்கிறது என்பது நம் வீட்டு மண்பானையைப் பார்த்தால் விளங்கும். பானையின் நுண்துளைகள் வழியே நீர் கசிந்து வெளிப்புறத்தில் ஈரமாகப் படிகிறது. அந்த ஈரம் ஆவியாகும்போது, ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தைப் பானையிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. திரவம் ஆவியாக விழுங்கும் இந்த வெப்பத்துக்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர். கோடையில் திருச்சியிலோ மதுரையிலோ பானைத் தண்ணீர் சில்லென்று இருக்கும். அதே பானையைச் சென்னையில் கடலோரம் வையுங்கள். மேற்புறம் ஈரமாகவே இருக்கும், தண்ணீரோ அவ்வளவு குளிர்ந்திருக்காது. கசிவது நின்றுவிடவில்லை, உலர்வதுதான் மந்தமாகிவிட்டது. காற்றில் ஏற்கெனவே நீராவி நிறைந்திருந்தால் புதிதாக ஆவியாக இடம் கிடைப்பதில்லை.

உடலிலும் இதே கதைதான். ஒரு லிட்டர் வியர்வை தோலின் மேலேயே முழுவதும் ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தைக் கொண்டுபோகும். மேலே சொன்ன சைக்கிள்காரருக்கு ஒரு மணி நேரத்துக்கு முக்கால் லிட்டர் ஆவியானால் உடலில் பிறக்கும் வெப்பக் கணக்கு நேராகிவிடும். வெயிலில் ஏறும் வெப்பத்துக்கு அதற்கு மேலும் வேண்டும். ஆனால் முழங்கையிலிருந்து தரையில் சொட்டும் துளி எதையும் குளிர்விப்பதில்லை. அது நீரையும் உப்பையும் மட்டுமே எடுத்துப் போகிறது. ஆகஸ்ட் விடியலில் நடப்பது இதுதான். உடல் வியர்வையைக் கொட்டுகிறது, காற்று வாங்க மறுக்கிறது.

குளிர்ந்த தண்ணீர் குடித்தால் உள்ளே குளிராதா? கொஞ்சம் குளிரும். 5 டிகிரியில் இருக்கும் அரை லிட்டர் தண்ணீர் வயிற்றுக்குள் போய் உடல் வெப்பத்தை எட்டும்போது, அந்தச் சைக்கிள்காரரின் உடலில் இரண்டு நிமிடத்துக்குச் சற்று அதிகமான நேரத்தில் பிறக்கும் வெப்பத்தைத்தான் வாங்கிக்கொள்ளும். அதே அரை லிட்டர் வியர்வையாக வெளியேறி ஆவியானால் 18 மடங்கு அதிகம் குளிர்விக்கும். குடிக்கிற தண்ணீரின் குளிர்ச்சி வாய்க்கு இதம். உடலுக்கு அதன் மதிப்பு, அது வியர்வைக்கு மூலப்பொருள் என்பதில் இருக்கிறது.

இதெல்லாம் எப்படித் தெரியவந்தது என்ற கதை 250 ஆண்டுப் பழமையானது. 1775இல் லண்டனில் சார்லஸ் பிளாக்டன் என்ற மருத்துவர், தண்ணீர் கொதிக்கும் வெப்பத்துக்கும் மேலாகச் சூடேற்றப்பட்ட ஓர் அறைக்குள் நண்பர்களோடு நுழைந்தார். காற்று உலர்ந்திருந்தது. கூடவே கொண்டுபோன மாட்டிறைச்சித் துண்டு அந்த அறைக் காற்றிலேயே வெந்தது. உள்ளே நின்ற மனிதர்களுக்கோ உடல் வெப்பம் பெரிதாக மாறவில்லை. உயிருள்ள உடலுக்கு ஏதோ தனிச் சக்தி இருக்கிறது என்று அன்று நம்பினார்கள். அதைச் சோதிக்க அவர் இரண்டு பாத்திரங்களில் தண்ணீர் வைத்து, ஒன்றின் மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் இட்டார். எண்ணெய் மூடிய நீர், ஆவியாக வழியில்லாமல், கொதித்தது. மூடாத நீர் கொதிக்கவே இல்லை. உயிரில்லாத தண்ணீரையும் காப்பாற்றியது ஆவியாதல் என்று தெரிந்துபோயிற்று. ஒரு துளி எண்ணெயில் இவ்வளவு பெரிய கேள்விக்கு விடை கண்ட அந்தச் சோதனை எனக்கு மிகவும் பிடித்தமானது.

அடுத்த படியை எடுத்து வைத்தவர் ஜே. எஸ். ஹால்டேன். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் ஆழமான தகரச் சுரங்கங்கள் வெப்பமும் ஈரமுமாக இருந்தன. சுரங்கத் தொழிலாளி எந்த அளவு வெப்பம் வரை தாங்குவார் என்பது கேள்வி. சாதாரண வெப்பமானி காட்டும் எண் இதற்குப் பயன்படவில்லை என்று கண்ட ஹால்டேன், 1905இல் வேறோர் அளவை முன்வைத்தார். வெப்பமானியின் குமிழைச் சுற்றி ஈரத்துணியைக் கட்டிவிட வேண்டும். காற்று உலர்ந்திருந்தால் துணியின் நீர் வேகமாக ஆவியாகிக் குமிழ் குளிரும், பாதரசம் இறங்கும். காற்று ஈரமாயிருந்தால் அதிகம் இறங்காது. இந்த எண்ணுக்கு ஈரக்குமிழ் வெப்பநிலை என்று பெயர். வியர்த்த தோல் எந்த அளவு வரை குளிர முடியும் என்பதை இந்த ஈரத்துணி நமக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. காற்றோட்டம் இல்லாத இடத்தில் ஈரக்குமிழ் 31 டிகிரியைத் தாண்டினால் உடல் வெப்பம் ஏறிக்கொண்டே போகிறது என்று ஹால்டேன் கண்டார்.

இப்போது நம் இரண்டு காலைகளையும் இந்த அளவில் வைத்துப் பார்க்கலாம். ஜூனில் 40 டிகிரி, ஒப்பு ஈரப்பதம் 15 விழுக்காடு: ஈரக்குமிழ் ஏறத்தாழ 21. ஆகஸ்ட் விடியலில் 33 டிகிரி, ஈரப்பதம் 85 விழுக்காடு: ஈரக்குமிழ் ஏறத்தாழ 31. வெப்பமானியில் 7 டிகிரி குறைந்த காலை, தோலுக்கு 10 டிகிரி கூடுதலான காலை. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் லாரி கென்னியின் குழு இளம் தன்னார்வலர்களைக் கட்டுப்படுத்தப்பட்ட அறையில் வைத்து, விழுங்கக்கூடிய வெப்பமானி மாத்திரையால் உள்ளுடல் வெப்பத்தை அளந்தது. வீட்டு வேலை அளவு இலேசான அசைவுதான். ஈரமான சூழலில் ஈரக்குமிழ் 31ஐ நெருங்கும்போதே அவர்களால் உடல் வெப்பத்தை நிலையாக வைத்திருக்க முடியவில்லை என்று 2022இல் அந்தக் குழு எழுதியது. சைக்கிள் மிதிப்பவர் அதைப்போலச் சில மடங்கு வெப்பத்தை உண்டாக்குகிறார். முகத்தில் அடிக்கும் காற்றுதான் அவருக்குக் கொஞ்சம் துணை; சிக்னலில் நின்றால் அதுவும் போயிற்று.

வளைகுடாவுக்கு இந்த ஈரம் எங்கிருந்து வருகிறது? சுற்றிலும் பாலைவனம், மழையோ அபூர்வம். காரணம் கடல். பாரசீக வளைகுடா ஆழமில்லாத கடல், சராசரி ஆழம் 35 மீட்டர் அளவுதான். அதனால் கோடை முழுக்க அது காய்ந்து, மேற்பரப்பு நீர் 32, 33 டிகிரிக்கும் மேலே போகிறது. ஷமால் ஓய்ந்த நாட்களில் கடல் மேலிருந்து வரும் காற்று அந்த ஆவியை நிலத்தின் மேல் பரப்புகிறது. பஹ்ரைனிலிருந்து பாலத்தைத் தாண்டினால் வரும் சவூதி நகரம் தஹ்ரானில் 2003 ஜூலை 8 அன்று பனிநிலை 35 டிகிரியைத் தொட்டதாகப் பதிவாகியிருக்கிறது. பனிநிலை என்பது காற்றிலுள்ள நீராவி நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை. அது 35 என்றால், தோலின் வெப்பமும் அதுவே என்பதால், வியர்வை ஆவியாக வழியே இல்லை. ஏசி அறையிலிருந்து வந்தவரின் கண்ணாடியில் ஆவி படிவதும் இதனால்தான்: கண்ணாடி 24 டிகிரி, வெளிக்காற்றின் பனிநிலை 30. அந்தக் கண்ணாடியைத் துடைக்கும் கணத்திலேயே அன்றைய காலை எப்படியிருக்கும் என்று கணித்துவிடலாம்.

தண்ணீரும் வெப்பமும் தனித்தனிக் கணக்குகள் என்பதற்கு வளைகுடாவிலேயே ஒரு நல்ல சான்று இருக்கிறது. 2016 அக்டோபரில் உலக சாலை சைக்கிள் சாம்பியன்ஷிப் தோஹாவில் நடந்தது. செபாஸ்டியன் ரசினே தலைமையிலான ஆய்வாளர்கள் சுமார் 40 வீரர், வீராங்கனைகளுக்கு வெப்பமானி மாத்திரை கொடுத்து, ஓட்டத்தின்போதே உள்ளுடல் வெப்பத்தைப் பதிவு செய்தார்கள். கால்வாசிப் பேர் 40 டிகிரியைத் தாண்டினர். உச்சமாகப் பதிவானது 41.5. அந்த உச்சம் 257 கிலோமீட்டர் நீண்ட சாலைப் பந்தயத்தில் வரவில்லை. முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும் 40 கிலோமீட்டர் குழு நேரப் பந்தயத்தில் வந்தது. முக்கால் மணியில் யாருக்கும் பெரிதாக நீர் வற்றிவிடாது. அவர்களைக் கொதிக்க வைத்தது வேகம். வெப்பத்தைக் குறைக்கும் முதல் விசை மிதிப்பதைக் குறைப்பதுதான். புழுக்கமான காலையில் இன்னொரு மிடறு தண்ணீரை நம்பி வேகத்தைப் பிடித்துக்கொண்டிருப்பவர் தவறான கணக்கில் பணம் கட்டுகிறார்.

இனி ஜூன் காலைக்கு வருவோம். உலர்காற்றில் வியர்வை தோலில் தெரிவதற்குள் மறைந்துவிடுகிறது. மிஞ்சுவது ஹெல்மெட் வாரில் படியும் வெள்ளை உப்புக் கோடு மட்டும். அதைப் பார்த்தால்தான் எவ்வளவு போயிருக்கிறது என்று உறைக்கும். மணிக்கு ஒரு லிட்டர் போவது சாதாரணம், சிலருக்கு ஒன்றரை. அந்த நீர் முதலில் இரத்தத்திலிருந்துதான் எடுக்கப்படுகிறது. தசைக்கும் இரத்தம் வேண்டும், குளிர்விக்கத் தோலுக்கும் இரத்தம் வேண்டும். அளவு குறைந்த இரத்தத்தை வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் ஓட்ட இதயம் வேகமாகத் துடிக்கிறது. அதே வேகம், அதே சாலை, ஆனால் மூன்றாம் மணி நேரத்தில் நாடித்துடிப்பு 15, 20 கூடியிருப்பதைக் கையிலுள்ள கடிகாரமே காட்டும்.

எவ்வளவு போகிறது என்பதை வீட்டிலேயே அளக்கலாம். இந்த வழிக்கு முன்னோடி இத்தாலிய மருத்துவர் சாந்தோரியோ. தராசில் தொங்கவிட்ட நாற்காலியில் உட்கார்ந்து, உண்டதையும் கழித்ததையும் ஆண்டுக்கணக்கில் நிறுத்து, கண்ணுக்குத் தெரியாமல் உடலை விட்டு ஏதோ போய்க்கொண்டே இருக்கிறது என்று 1614இல் நூலாக வெளியிட்டார். நமக்கு நாற்காலி வேண்டாம், குளியலறை எடைக்கருவி போதும். புறப்படும் முன் ஆடையில்லாமல் எடை பாருங்கள். திரும்பியதும் துடைத்துவிட்டு மறுபடி. 70 கிலோவில் போனவர் 68.9இல் திரும்பினார், வழியில் ஒரு 750 மில்லி பாட்டில் குடித்தார், சிறுநீர் கழிக்கவில்லை என்றால், வியர்வை சுமார் 1.85 லிட்டர். இரண்டு மணி நேரப் பயணம் என்றால் மணிக்கு 900 மில்லிக்குச் சற்று மேல். ஜூனில் சில தடவை, செப்டம்பரில் சில தடவை இப்படிப் பார்த்தவருக்குத் தன் உடலின் எண் கைக்கு வந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரரின் எண் அவருக்குப் பொருந்தாது. ஆளுக்கு ஆள் இதில் அவ்வளவு வேறுபாடு.

தாகம் எடுத்தால் குடித்தால் போதாதா என்ற கேள்வி ஆய்வாளர்களுக்குள்ளேயே பல பத்தாண்டுகளாகச் சூடாக நடக்கும் விவாதம். இரண்டாம் உலகப் போரின்போது ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் அடால்ஃப், கலிஃபோர்னியப் பாலைவனத்தில் சிப்பாய்களை நடக்கவிட்டு அளந்தார். தண்ணீர் கையிலேயே இருந்தும் அவர்கள் இழந்த அளவுக்குக் குடிக்கவில்லை. பாதியோ சற்றுக் கூடவோ குடித்தார்கள், மீதியைச் சாப்பாட்டு நேரத்தில் ஈடுகட்டினார்கள். தண்ணீர் குறைவாகக் குடிக்க ஆட்களைப் பழக்கலாம் என்று இராணுவத்தில் இருந்த நம்பிக்கையையும் அவர் தகர்த்தார். அந்தப் பழக்கம் யாருக்கும் வருவதில்லை, களைப்புதான் வருகிறது.

தாகம் ஏன் பின்தங்குகிறது? மூளையில் ஹைப்போதலாமஸ் பகுதியை ஒட்டிய உணர்செல்கள் இரத்தத்தின் உப்புச் செறிவைப் பார்த்துக்கொண்டே இருக்கின்றன. ஓரிரு விழுக்காடு கூடினாலே தாகத்தை எழுப்புகின்றன. வாசோப்ரெசின் என்ற ஹார்மோன் சுரந்து சிறுநீரையும் குறைக்கிறது. ஆனால் வியர்வையில் உப்பும் சேர்ந்தே போவதால், நீர் குறைந்த அளவுக்குச் செறிவு கூடுவதில்லை. தவிர, தண்ணீர் குடலை விட்டு இரத்தத்துக்குப் போகும் முன்பே, வாயும் தொண்டையும் நனைந்த சேதியிலேயே மூளை தாகத்தை அடக்கிவிடுகிறது.

அதற்காகத் தாகத்தைப் பொருட்படுத்தாமல் குடித்துக்கொண்டே இருப்பது சரியா? இல்லை. அதன் விளைவைத் தென்னாப்பிரிக்க மருத்துவர் டிம் நோக்ஸ் 1985இல் எழுதினார். நீண்ட ஓட்டங்களில் சுருண்டு விழுந்த சிலருக்கு நீர் குறையவில்லை, கூடியிருந்தது. இரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 135 மில்லிமோலுக்குக் கீழே நீர்த்துப்போனால் அது ஹைப்போநட்ரீமியா, தமிழில் சோடியக் குறைவு எனலாம். இரத்தம் நீர்த்தால் நீர் செல்களுக்குள் புகுந்து அவற்றை வீங்க வைக்கும். மண்டையோட்டுக்குள் அடைபட்டிருக்கும் மூளைக்கு வீங்க இடமில்லை. 2002 பாஸ்டன் மாரத்தானில் இரத்த மாதிரி கொடுத்த 488 பேரில் 13 விழுக்காட்டினருக்கு இந்தக் குறைவு இருந்தது. அவர்களிடம் கண்ட பொதுத்தன்மைகளில் முக்கியமானது, ஓட்டத்தின் முடிவில் எடை கூடியிருந்தது. கொடுமை என்னவென்றால் தலைவலி, குமட்டல், குழப்பம் என்று நீர் குறைந்தவருக்கும் நீர் கூடியவருக்கும் அறிகுறிகள் ஒன்று போலவே இருக்கும். பார்ப்பவர் இன்னும் கொஞ்சம் தண்ணீர் கொடுப்பார்.

மறுபக்கம், ஆஸ்திரேலியாவில் ஒரு குழு பத்து சைக்கிள் வீரர்களின் கையில் ஊசிக்குழாய் பொருத்தி, இழந்த நீரை உப்புநீராக ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு முறை வெவ்வேறு அளவில் ஏற்றியது. தனக்கு எவ்வளவு ஏறியது என்று அவர்களுக்கே தெரியாது. 33 டிகிரியில் 25 கிலோமீட்டர் ஓட்டியபோது, எடையில் 3 விழுக்காடு நீர் குறைந்திருந்த முறையும் அதே நேரத்தில் முடித்தார்கள். பத்தே பேர், எதிரே பெரிய மின்விசிறி, அரை மணிக்குச் சற்று அதிகமான ஓட்டம்; இதை வைத்து வளைகுடாவில் ஐந்து மணி நேரப் பயணத்துக்கு விதி எழுத முடியாது. ஆனால் 'தாகம் எடுத்துவிட்டதா, போச்சு, தாமதம்' என்று விளம்பரங்கள் பரப்பிய பயத்துக்கு ஆதாரம் இல்லை என்பது தெளிவாகிறது. என் முடிவு இது: ஒன்றரை மணிக்குள் முடியும் பயணத்துக்குத் தாகமே நல்ல வழிகாட்டி. அதைவிட நீண்டால், எடைக்கருவி சொன்ன எண்ணில் பாதி முதல் முக்கால் பங்கு வரை சிறிது சிறிதாகக் குடித்து வரலாம். எடை கூடித் திரும்பும் அளவுக்கு ஒருபோதும் குடிக்கக் கூடாது.

உப்பு விஷயத்தில் நம் சமையலறைக்கு ஏற்கெனவே தெரிந்தது நிறைய. ஒரு லிட்டர் வியர்வையில் சராசரியாக ஒரு கிராம் அளவு சோடியம் போகிறது; சமையல் உப்பாகச் சொன்னால் இரண்டரை கிராம், அரைத் தேக்கரண்டிக்கும் குறைவு. சிலருக்கு இதில் இருமடங்கு. நீண்ட பயணத்தில் உப்பும் கொஞ்சம் சர்க்கரையும் கலந்த நீர் ஏன் நல்லது என்பதற்கு ஒரு காரணம், சிறுகுடலின் உள்சுவரில் இருக்கும் ஒரு புரதம். அது சோடியத்தையும் குளுக்கோஸையும் சேர்த்தே உள்ளே இழுக்கும், நீர் அவற்றின் பின்னால் போகும். இந்த இணைப்பை ராபர்ட் கிரேன் 1960இல் முன்வைத்தார். 1971இல் வங்கதேச அகதிகள் குவிந்த மேற்கு வங்க எல்லை ஊரான பங்காவுனில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் நீர் தீர்ந்துபோனபோது, திலீப் மஹலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை டிரம்களில் நிரப்பிக் குடிக்கவே கொடுக்க வைத்தார். முகாமில் 30 விழுக்காடு அளவுக்கு இருந்த இறப்பு, 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. ஓஆர்எஸ் என்ற பெயரில் இன்று எல்லா மருந்துக் கடைகளிலும் கிடைப்பது அந்த நீர்தான். வயிற்றுப்போக்குக்கென்று அளந்து செய்த கலவை அது. சைக்கிள் பாட்டிலுக்கு அதைவிடச் சற்று இலேசாக இருந்தாலும் போதும். பாக்கெட்டில் பெரிதாக ஓஆர்எஸ் என்று அச்சிட்டுச் சர்க்கரைத் தண்ணீர் விற்பதை இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில்தான் தடுத்தது. வாங்கும்போது பின்பக்கம் படித்துப் பாருங்கள்.

உப்பு போட்ட நீர்மோர் நல்ல பானம். ஈசா டவுனில் எந்தக் கோல்டு ஸ்டோரிலும் (மளிகைக் கடை) கிடைக்கும் லபன் பாட்டிலைத் தண்ணீர் விட்டு இளக்கி உப்புப் போட்டால் நம்மூர் மோர்தான். ஆனால் அது பயணம் முடிந்த பிறகு; 40 டிகிரியில் பாட்டிலில் குலுங்கும் மோர் இரண்டு மணி நேரத்தில் என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இளநீர் பற்றி ஒரு எச்சரிக்கை. அதில் பொட்டாசியம் நிறைய, சோடியம் கொஞ்சம். வியர்வையில் போவதோ பெரும்பாலும் சோடியம். இளநீரில் ஒரு சிட்டிகை உப்புச் சேர்த்தால் அந்தக் குறை தீரும்.

இதுவரை சொன்னதெல்லாம் விருப்பத்தால் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு. அதே ஈசா டவுன் சாலைகளில் பகல் முழுக்க மோட்டார் பைக்கில் சாப்பாடு கொண்டுபோகும் டெலிவரி ரைடர்களுக்கு இது பிழைப்பு. அவர்கள் மிதிப்பதில்லை, ஆகவே உடலில் பிறக்கும் வெப்பம் குறைவு. ஆனால் தலையில் முழு ஹெல்மெட், கால்களுக்கு நடுவே சூடான என்ஜின், கீழே தார்ச்சாலையின் தகிப்பு, மேலே வெயில். 42 டிகிரிக் காற்று ஓடும் வண்டியில் மேலே அடிக்கும்போது வியர்வை கணத்தில் உலர்ந்துவிடும். இழப்பு தெரியவே தெரியாது. சிறுநீர் கழிக்க இடம் தேட வேண்டியிருக்கும் என்பதாலேயே குடிப்பதைக் குறைத்துக்கொள்பவர்கள் இவர்களில் உண்டு. இந்தப் பழக்கம் நாள்தோறும் தொடர்ந்தால் விலை கொடுப்பது சிறுநீரகம். தமிழ்நாட்டு உப்பளங்களில் வேலை செய்பவர்களிடம் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் வித்யா வேணுகோபாலும் குழுவினரும் செய்த ஆய்வுகள், வெப்பம், குறைவான தண்ணீர், கழிப்பறை இல்லாமை ஆகியவை சிறுநீரகச் செயல்பாட்டைப் பாதிப்பதைக் காட்டியிருக்கின்றன. ஒரு ரைடருக்குத் தண்ணீர் பாட்டில் கொடுப்பதோடு, உணவகத்தின் கழிப்பறையைத் திறந்துவிடுவதும் நீர்ச்சத்துப் பிரச்சினைக்கான தீர்வின் ஒரு பகுதிதான்.

பஹ்ரைனில் 2007 முதல் கோடையில் நண்பகல் 12 முதல் 4 வரை வெட்டவெளி வேலைக்குத் தடை இருக்கிறது. ஜூலை, ஆகஸ்ட் என்றிருந்ததை 2025இல் ஜூன் நடு முதல் செப்டம்பர் நடு வரை மூன்று மாதமாக நீட்டினார்கள். நல்ல முடிவு, செப்டம்பரின் புழுக்கம் கட்டுமானத் தொழிலாளிக்குத் தெரியும். நேரடி வெயிலின் சுமையைத் தடை குறைக்கிறது. ஈரத்தை அது ஒன்றும் செய்ய முடியாது, அதற்குக் கடிகாரம் கிடையாது.

ஊரிலிருந்து இப்போதுதான் வந்தவர்களுக்குத் தனியாக ஒன்று. வெப்பத்துக்கு உடல் பழகப் பத்து முதல் பதினான்கு நாள் பிடிக்கும். அதற்குள் இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது, வியர்வை சீக்கிரமே தொடங்குகிறது, நிறைய வருகிறது. அதே வேளை வியர்வைச் சுரப்பியின் குழாய் உப்பைத் திரும்ப உறிஞ்சக் கற்றுக்கொள்வதால் வியர்வையில் உப்புக் குறைகிறது. பழகியவருக்குத் தண்ணீர் அதிகம் வேண்டும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும்; நன்றாகக் குளிர்வதற்கு உடல் கொடுக்கும் விலை அது. ஒரு மாதம் ஊரில் மழையில் இருந்துவிட்டு ஜூலைக் கடைசியில் திரும்பினால் இந்தப் பழக்கத்தில் பெரும்பகுதி கரைந்துவிட்டிருக்கும். முதல் இரண்டு வாரம் பாதித் தூரம் போதும்.

கடைசியாக, வழியில் ஒருவர் தடுமாறினால் என்ன செய்வது. பேச்சு குழறுகிறது, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறார், எரிச்சல்படுகிறார் என்றால் அது வெப்பத்தாக்கு என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். வியர்த்திருக்கிறார் என்பதால் அது இல்லை என்று நினைக்கக் கூடாது; உடற்பயிற்சியில் வருவதில் தோல் பெரும்பாலும் நனைந்தே இருக்கும். நினைவு குழம்பியவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். 999ஐ அழைத்துவிட்டு உடனே குளிர்விக்கத் தொடங்க வேண்டும், ஆம்புலன்ஸுக்காகக் காத்திருக்கக் கூடாது. அமெரிக்காவின் ஃபால்மத் ஓட்டப் போட்டியில் 18 ஆண்டுகளில் வெப்பத்தாக்குக்கு ஆளான 274 பேரையும் அங்கேயே ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் இறக்கினார்கள், ஒருவர்கூட இறக்கவில்லை. ஆகஸ்ட் புழுக்கத்தில் விசிறுவது மட்டும் ஏன் போதாது என்பது இதற்குள் விளங்கியிருக்கும்: ஆவியாகாத இடத்தில் விசிறிக்கு வேலை குறைவு, வெப்பத்தை நேரடியாக உறிஞ்சக் குளிர்ந்த நீர் தோலைத் தொட வேண்டும். சாலையில் தொட்டிக்கு எங்கே போவது? ஒரு தார்ப்பாயின் நான்கு ஓரத்தையும் நான்கு பேர் தூக்கிப் பிடித்து, நடுவில் அவரைக் கிடத்தி, தலையை மேலே தாங்கிக்கொண்டு ஐஸும் தண்ணீரும் கொட்டி அலசினால் அதுவே தொட்டி. வெள்ளிக்கிழமை விடியலில் கூட்டமாகப் புறப்படும் குழுக்கள், பின்னால் வரும் காரில் கூடுதல் பாட்டில்களோடு ஒரு தார்ப்பாயையும் ஐஸ் நிறைந்த பெட்டியையும் வைத்திருக்கட்டும்.